கோமளம் எழுதிய வீட்டுப்பாடம்

கேரல் மிஸ்ஸுக்குக் கோமளம் கொடுக்க வேண்டியிருந்தது இரண்டாயிரத்து நானூறு ரூபாய். மாதம் எண்ணூறு வீதம் மூன்று மாத டியூஷன் பாக்கி. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, வாசலில் வந்து நின்று சத்தம் போட்டவர்களும் கிடையாது. ஆனாலும் பொம்மனஹள்ளியில் கேரல் மிஸ் வீடு இருக்கிற இரண்டாவது கிராஸ் தெருவைக் கடக்கும்போதெல்லாம் கோமளம் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகவே நடந்தாள்.

இது ஒரு பெரிய தொகையா என்று கேட்பவர்கள் கார்மென்ட்ஸ் சம்பளத்தில் ஒரு மாதம் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். இதை எழுதுகிறவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் கணக்கில் இன்றுவரை எவனும் ஏமாற்றியதில்லை. பன்னிரண்டாயிரத்தில் வாடகை ஐந்தாயிரம் போகும். ஸ்கூல் வேன், கேஸ், அரிசி, பால் போகும். சீட்டுக்கு ஐந்நூறு போகும். மிச்சம் நிற்பதை விரல் மடக்காமலே எண்ணிவிடலாம். கணவன் சரவணனின் சம்பளமும் வந்துகொண்டிருந்தவரை டியூஷன் காசு முதல் தேதியே போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் பீன்யாவில் அவன் வேலை செய்த பட்டறையில் பிரஸ் மெஷின் அவனுடைய வலது கையில் இரண்டு விரலை நசுக்கியது. முதலாளி ஐந்தாயிரம் கொடுத்து, கை சரியானதும் வா என்று அனுப்பிவிட்டார். கை சரியாகவில்லை. டியூஷன் நின்றது அப்படித்தான்.

கோமளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனேக்கல்லைத் தாண்டி எல்லையோரத்தில் செங்கல் சூளைக்காரர்களின் மகள். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம், அந்த இரண்டு வருடமும் சிலேட்டுதான். நோட்டு வாங்குகிற வகுப்புக்கு வருவதற்குள் சூளையில் கல் அடுக்கப் போய்விட்டாள். பதினெட்டு முடிந்த மறுமாதம் பஸ் ஏறி வந்து, ஓசூர் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் தைத்த சட்டையில் தொங்குகிற நூலை வெட்டும் ஹெல்பராகச் சேர்ந்தாள். நூல் வெட்டியவள் காலர் தைக்கும் மெஷினில் உட்கார்ந்தாள், காலரிலிருந்து சட்டைக் கை தைக்கப் போனாள், பத்தாவது வருடம் சாம்பிள் செக்‌ஷனில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். யாரும் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. உழைத்து மேலே வந்தவர்களைப் பார்த்தால் உழைத்து மேலே வந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

சாம்பிள் செக்‌ஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: வெளிநாட்டிலிருந்து ஒரு சட்டை வரும். அதைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று தைத்து அனுப்ப வேண்டும். அது பாஸானால்தான் நாற்பதாயிரம் சட்டைக்கு ஆர்டர். ஒருமுறை வந்த சட்டையில் பை கொஞ்சம் சாய்ந்திருந்தது. தைத்தவன் தப்பு செய்திருக்கிறான் என்று மற்ற டெய்லர்கள் எல்லோரும் நேராக்கித் தைத்தார்கள். கோமளம் இஞ்ச் டேப்பை வைத்து அளந்து அந்தச் சாய்வையும் சேர்த்துத் தைத்தாள். சாய்ந்த பைதான் அந்தக் கம்பெனிக்காரன் கேட்டது. அவளுடையது ஒன்றுதான் பாஸானது. ‘எது வேணும் எது வேணாம்னு முடிவு பண்றது நம்ம வேல இல்ல, இருக்கறத இருக்கறபடி குடு’ என்று புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லுவாள். இந்த ஒரு விஷயத்தில் அவளை மிஞ்ச ஓசூர் ரோட்டில் ஆள் கிடையாது.

ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்தது எஸ், எம், எல், அதோடு சேர்கிற எக்ஸ். கன்னடம் தண்ணீராகப் பேசுவாள், போர்டைப் படிக்கச் சொன்னால் முழிப்பாள்.

மகள் மோனிஷாவுக்கு எட்டு வயது. இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்புக்குத் தினமும் வீட்டுக்கு வருகிற வேலை இது: கன்னடத்தில் இரண்டு பக்கம் காப்பி ரைட்டிங். ஆங்கிலத்தில் பத்துக் கேள்வி பதில். பதின்மூன்றாம் வாய்ப்பாடு மூன்று தடவை. சுற்றுச்சூழல் பாடத்துக்கு ஐந்து வகை இலை பறித்து ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு பேச்சு மனப்பாடம். எல்லாவற்றுக்கும் மேலே டைரி. டைரியில் டீச்சர் எழுதுவதைப் பெற்றோர் படித்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, கீழே கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பில் பாதிதான் நடத்துவார்கள், மீதி வீட்டுக்கு. வீட்டில் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் தானாகவே முடிவு செய்துகொண்டுவிட்டது. இல்லாதவர்கள் கேரல் மிஸ் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கேரல் மிஸ்ஸின் முன்னறையில் மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை பதினாறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கும். முப்பது வயதுப் பெண். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே கரும்பலகை. அடிக்க மாட்டார், ஆனால் அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாலே பிள்ளைகள் வேலையை முடித்துவிடும். டைரியையும் அவரே படித்து, அம்மாக்களுக்குத் தமிழில் சொல்லி, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னப் புள்ளி வைத்து அனுப்புவார். கோமளம் அந்தப் புள்ளியின் மேல் தன் பெயரைத் தமிழில் வரைவாள்.

மூன்றாவது மாதப் பாக்கியும் சேர்ந்தபோது கேரல் மிஸ் கோமளத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அக்கா, உங்க ஒருத்தர் வீடுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். பதினாறு பசங்கள்ல ஆறு பேர் பாக்கி. அஞ்சாம் தேதி ஆனா ஓனர் படியில வந்து உக்காந்துக்கறார். நான் டியூஷன் எடுக்கறதா அவருக்குப் பதில் சொல்றதா?”

கோமளம் பிளவுஸ் தைத்துக் கழித்துவிடுவதாகச் சொன்னாள். நான்கு பிளவுஸ், லைனிங் வைத்து, நெட் கை வைத்து.

“பிளவுஸ் போட்டுட்டு வாடகை குடுக்க முடியுமாக்கா,” என்று கேரல் மிஸ் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மோனிஷா வீட்டில் உட்கார்ந்தாள். கணக்கை அவளே போட்டுவிடுவாள், அதில் கெட்டிக்காரி. மற்றதெல்லாம் பாதியில் நின்றது. அப்பனுக்கும் கன்னடம் படிக்க வராது, ஆங்கிலமும் வராது, போதாததற்குக் கட்டுப் போட்ட கை. மூன்றாம் நாள் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது. அடுத்த வாரம் இரண்டாவது. மூன்று சிவப்புக் குறிப்புச் சேர்ந்தால் ஹெட்மிஸ்ட்ரெஸ் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வார் என்பது அந்தத் தெருவில் எல்லா அம்மாக்களும் பேசிக்கொள்கிற பேச்சு. அப்படி இரண்டு பிள்ளைகள் போனதை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். நடு வருடத்தில் வேறு எந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும்? கட்டிய ஃபீஸை யார் திருப்பித் தருவார்கள்?

மோனிஷா காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தபோது காலரின் இரண்டு முனையும் நைந்து நூல் நூலாக வந்திருப்பதைக் கோமளம் பார்த்தாள். வகுப்பில் உட்கார்ந்து கடித்திருக்கிறது குழந்தை. பதினாறு வருடமாகக் காலர் பார்த்தவள், ஒரு காலரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில்தான் விஷயம் முற்றியது. திங்கட்கிழமை எல்லா நோட்டும் கரெக்‌ஷனுக்குப் போக வேண்டும், ஜூன் மாதத்திலிருந்து ஒரு பக்கம்கூட விடுபடக் கூடாது என்று வேனில் வருகிற பிள்ளைகள் சொன்னார்கள். மோனிஷாவின் நோட்டுகளில் முப்பத்தொரு பக்கம் காலி. போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமையே காய்ச்சல். மாத்திரை கொடுத்தால் தூங்குகிறாள், எழுந்தால் நோட்டு நோட்டு என்கிறாள்.

நான்கு வீடு தள்ளி ஷ்ரேயா இருந்தாள். அதே வகுப்பு, அதே வேன், கேரல் மிஸ்ஸிடம்தான் டியூஷன். அவளுடைய அம்மாவுக்குப் பேங்கில் வேலை. அவளுடைய நோட்டுகள் எல்லாம் முன்பே திருத்தி வந்துவிட்டன. கோமளம் போய்க் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி ஷ்ரேயாவின் அம்மா மூன்று நோட்டையும் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோமளம் தையல் மெஷினின் பலகையைத் துடைத்து, இடது பக்கம் ஷ்ரேயாவின் நோட்டு, வலது பக்கம் மகளின் நோட்டு என்று விரித்து வைத்தாள். முதலில் அவள் பார்த்தது எழுத்தை அல்ல, நிறத்தை. ஷ்ரேயாவின் நோட்டில் சிவப்பு நிறைய இருந்தது. தலைப்பு சிவப்பு, ஓரக் கோடு சிவப்பு, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கொக்கி மாதிரி ஒன்று சிவப்பு, பக்கத்தின் அடியில் நட்சத்திரமும் சுழித்துச் சுழித்து ஒரு பூவேலையும் சிவப்பு. மோனிஷாவின் நோட்டில் அதெல்லாம் இல்லை. குழந்தை விட்டுவிட்டு வந்தது இதைத்தான் போலிருக்கிறது, இதற்குத்தான் டீச்சர் திட்டுகிறார் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. சிலேட்டில் படித்தவள். சிலேட்டில் யாரும் சிவப்பு மையில் ரைட் போடுவதில்லை, வாத்தியார் பார்த்ததும் துடைத்துவிடுவார்கள். சரவணனை அனுப்பிப் பத்து ரூபாய்க்கு இரண்டு சிவப்புப் பேனா வாங்கிவரச் சொன்னாள்.

எழுதினாள் என்று சொல்வது சரியில்லை, தைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓரக் கோட்டை இஞ்ச் டேப்பால் அளந்தாள், ஒன்றேகால். பிறகு வரிக்கு வரி எத்தனை வளைவு, எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டாள். கன்னட எழுத்து அவளுக்கு எம்பிராய்டரி மாதிரி வந்தது. எங்கே வசதியோ அங்கிருந்து ஆரம்பித்தாள், சில எழுத்தை வாலிலிருந்து தலைக்குப் போட்டாள். முடிந்து பார்த்தால் எழுத்து எழுத்தாகவே இருந்தது. நடுவில் எழுந்தது சோறு வடிக்கவும் குழந்தைக்கு ஈரத்துணி மாற்றவும்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு முப்பத்தொரு பக்கமும் முடிந்தது. அடியில் இருந்த அந்தச் சுழிப்பூவேலை ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றுபோல் வர வேண்டும் என்று அதற்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். சரவணன் பார்த்துவிட்டு, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றான். அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பையைக் கோமளமே கட்டினாள். ‘எல்லாம் முடிஞ்சிருச்சு கண்ணு’ என்று சொல்லி வேனில் ஏற்றினாள். பல நாளுக்குப் பிறகு மோனிஷா வாந்தி எடுக்காமல் போனாள்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் வைக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஏழு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டாள். நாளை காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும், உங்கள் பெண் டீச்சரின் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டிருக்கிறாள், டி.சி. விஷயமாகப் பேச வேண்டும் என்று ஒரு பெண்குரல் கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. கோமளத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த டிபன் பாக்ஸை மூடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுழிப்பூவேலை கையெழுத்து.

சாயங்காலம் மோனிஷா வாயைத் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று கோமளம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். ஹெட்மிஸ்ட்ரெஸ் நாற்காலியில் இருந்தார். கிளாஸ் டீச்சர் மமதா மேடம் பக்கத்தில் நின்றார். மேசையில் மூன்று நோட்டும் விரிந்து கிடந்தன. தான் கையால் தொடாத நோட்டில் தன் கையெழுத்து முப்பத்தொரு இடத்தில், தேதியோடு இருப்பதாக மமதா மேடம் சொன்னார். எட்டு வயதில் இந்தப் புத்தி என்றால் பதினெட்டில் என்ன செய்யும் என்று ஹெட்மிஸ்ட்ரெஸ் கேட்டார். இவள் ஒப்புக்கொண்டுவிட்டாள், நேற்றே எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றார்.

கோமளம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். வாயில் காலர் முனை.

“ஏன்டி அப்படிச் சொன்ன?” என்று தமிழில் கேட்டாள்.

குழந்தை அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னது: “உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்ல.”

கோமளம் மேசைக்கு அருகில் போனாள். குழந்தை போடவில்லை, எல்லாம் நான்தான் எழுதினேன், அந்தக் கையெழுத்தும் நான் போட்டதுதான் என்று கன்னடத்தில் சொன்னாள். ஹெட்மிஸ்ட்ரெஸ் நம்பவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற எல்லா அம்மாவும் சொல்வதுதான் என்றார். அப்போது கோமளம் அவருடைய மேசையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்தாள். ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, நோட்டில் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்துப் போட ஆரம்பித்தாள். முதலில் ஓரக் கோடு. பிறகு அடியிலிருந்த மமதா மேடத்தின் கையெழுத்து, ஏனென்றால் இடத்தை அளந்து வைக்க அதுதான் வசதி. பிறகு கொக்கிகள், மேலிருந்து கீழாகப் பத்தும் ஒரே சீராக. கடைசியில் எழுத்து, வாலிலிருந்து தலைக்கு.

மமதா மேடம் குனிந்து, இங்கே என்ன எழுதியிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

“தெரியாதுங்க மேடம்.”

மமதா மேடம் நோட்டை எடுத்துப் படித்துச் சொன்னார். என் குடும்பம். என் பெயர் ஷ்ரேயா. என் அப்பா இன்ஜினியர். என் அம்மா பேங்கில் வேலை செய்கிறார். என் அம்மா தினமும் எனக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறார்.

அந்த நிமிடத்தில் கோமளம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நாற்பதாயிரம் சட்டைக்குப் பாஸ் வாங்கிய கை, அது செய்தது அத்தனையும் தப்பு என்று அந்தத் தாளே சொல்லிக்கொண்டு கிடந்தது. சாம்பிளில் என்ன இருந்ததோ அதைத்தான் கொடுத்தேன் என்று சொல்ல நினைத்தாள். சாம்பிள் என்றால் இவர்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லாமல் விட்டாள்.

ஹெட்மிஸ்ட்ரெஸ் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். டி.சி.யைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஆனால் நிபந்தனை வைத்தார். வருகிற திங்கட்கிழமை வரை அவகாசம். முப்பத்தொரு பக்கத்தையும் குழந்தை தன் கையாலேயே திரும்ப எழுத வேண்டும். அன்றன்றைய வீட்டுப்பாடமும் முடிந்திருக்க வேண்டும். வேறு யாரும் பென்சிலைத் தொடக் கூடாது. டைரியில் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் யாரென்றும் எழுத வேண்டும். முடியாவிட்டால் டி.சி. தயாராக இருக்கும் என்றார்.

வெளியே வராந்தாவில் மமதா மேடம் பின்னால் வந்தார். நாற்பத்தெட்டு பிள்ளைகள் நோட்டையும் தான் ஒருத்தியே பார்ப்பதாகவும், பாடம் முடியாவிட்டால் மேலே தன்னைக் கேட்பார்கள் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் பையன் ஹோம்வொர்க்கை வீட்டுல நான்தான்ம்மா எழுதறேன். எனக்கு எழுதத் தெரியும், அதனால யாரும் கண்டுபிடிக்கறதில்ல. அவ்ளோதான் வித்தியாசம்,” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

செவ்வாய் சாயங்காலமும் புதன் சாயங்காலமும் அந்த வீட்டில் நடந்தது இதுதான். மோனிஷா பாயில் உட்கார்ந்து ஆங்கிலக் கேள்வியை எழுத்துக் கூட்டுவாள், பாதியில் நிற்பாள், அம்மா முகத்தைப் பார்ப்பாள். அம்மா முகத்தில் ஒன்றும் இருக்காது. கோமளம் எதிரில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பென்சிலைத் தொடக் கூடாது என்று உத்தரவு. தப்பான வளைவு எது, சரியான வளைவு எது என்று அந்தக் கைக்குத் தெரியும், அர்த்தம் மட்டும் தெரியாது. இரண்டு நாளில் நான்கு பக்கம் முடிந்தது. நான்காவது பக்கத்தில் குழந்தை பென்சிலைக் கீழே வைத்து, “அம்மா, நான் கார்மென்ட்ஸுக்கே வந்துடறேனே,” என்றாள். சரவணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

புதன்கிழமையே கோமளம் போய்க் கேரல் மிஸ்ஸிடம் நின்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள், கையெழுத்துப் போட்டதைக்கூட மறைக்கவில்லை. கேரல் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போது சும்மா சேர்த்துக்கொண்டால் பாக்கி வைத்த மற்ற ஐந்து பேரும் நாளையே வாசலில் நிற்பார்கள், அவர்களிடம் தான் என்ன சொல்வது என்றார்.

“பணத்தோட வாங்கக்கா. எந்நேரம் வந்தாலும் சேத்துக்கறேன். பக்கத்துல உக்கார வச்சு நானே எழுத வைக்கறேன்.”

வியாழக்கிழமை கோமளம் சூப்பர்வைசரிடம் அட்வான்ஸ் கேட்டாள், சம்பளமே நாளைதான் என்றார். அந்தச் சம்பளம் வருவதற்கு முன்பே பிரிந்துவிட்டது: வாடகைக்கு இவ்வளவு, சரவணனின் மருந்துக்கு இவ்வளவு, மளிகைக் கடைக்கு இவ்வளவு. மிச்சமிருந்தது ஒன்றுதான். சீட்டு.

கம்பெனியில் பிரிஜெட் அக்கா சீட்டுப் பிடித்தாள். இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் ஐந்நூறு, மொத்தம் பத்தாயிரம். சம்பளத்தன்று மத்தியானம் கேன்டீன் மூலையில் ஏலம். அவசரமாக வேண்டியவள் பத்தாயிரத்தில் ஒரு தொகையைத் தள்ளிக் கேட்பாள், அதிகம் தள்ளுகிறவளுக்குச் சீட்டு, தள்ளியதை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கோமளம் பதினான்கு மாதமாக எடுக்காமல் கட்டிக்கொண்டு வந்தாள். கடைசி வரை பொறுத்தால் முழுப் பத்தாயிரமும் கைக்கு வரும். அடுத்த ஜூனில் நான்காம் வகுப்புக்கு முதல் தவணை ஃபீஸும் சரியாகப் பத்தாயிரம். அதற்கென்றே வைத்திருந்தாள். அதைத் தொட்டால் அடுத்த வருடப் பள்ளிக்கூடத்தை இந்த வருடமே தின்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை ஏலத்தில் இன்னொரு பெண்ணுக்கும் அவசரம், அவளுக்கு மாமியார் ஆஸ்பத்திரியில். ஆயிரம் தள்ளி என்று ஆரம்பித்தாள். கோமளம் ஆயிரத்து ஐந்நூறு என்றாள். இரண்டாயிரம். இரண்டாயிரத்து ஐந்நூறு. அவள் மூவாயிரம் என்றபோது கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். கோமளம் மூவாயிரத்து ஐந்நூறு என்றாள். அந்தப் பெண் கும்பிடாத குறையாக அவளைப் பார்த்தாள். கோமளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பைத்தியமாடி உனக்கு,” என்றாள் பிரிஜெட் அக்கா. “ரெண்டு மாசம் பொறு, ஆயிரம் தள்ளி எடுக்கலாம். ரெண்டாயிரத்து நானூறுக்காக மூவாயிரத்து ஐந்நூறு விடுவாங்களா?”

“திங்கக்கிழமைக்குள்ள வேணும்க்கா.”

பிரிஜெட் அக்கா ஆறாயிரத்து ஐந்நூறை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள். போகும்போது அந்த இன்னொரு பெண்ணின் கையில் தன் சொந்தப் பையிலிருந்து எதையோ வைத்து அழுத்தினாள், எவ்வளவு என்று கோமளம் பார்க்கவில்லை.

சங்கு ஊதியதும் கோமளம் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தாள். வீட்டுக்குப் போய் மோனிஷாவின் முகத்தைக் கழுவி, தலை பின்னி, மூன்று நோட்டையும் டைரியையும் பையில் வைத்தாள். இரண்டாவது கிராஸில் துப்பட்டாவைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இந்தப் பக்கமாகவே நடந்தாள்.

கேரல் மிஸ் வாசலுக்கு வந்தார். கையில் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனா இருந்தது, அதைக் காதில் செருகிக்கொண்டார். உள்ளே பதினைந்து பிள்ளைகளும் தலையைத் தூக்கிப் பார்த்தன, ஷ்ரேயா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மோனிஷா அம்மாவைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு காலில் நின்றாள்.

“சீட்டு எடுத்துட்டீங்களாமேக்கா. உங்க கம்பெனில வேல பாக்கற ஒரு அம்மா போன் பண்ணிச் சொன்னாங்க,” என்றார் கேரல் மிஸ். “இப்போ ஆயிரத்து அறுநூறு குடுங்க, போதும். மிச்சம் பொங்கலுக்கு அப்பறம் பாத்துக்கலாம்.”

“வேணாம் மிஸ். முழுசா வாங்கிக்குங்க. கைய நீட்டுங்க.”

கேரல் மிஸ் தயங்கினார். பிறகு கையை நீட்டி விரித்தார். கோமளம் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். இது போக மீதி நிற்பது நாலாயிரத்து நூறு, ஜூனில் கேட்கப்போவது பத்தாயிரம். அந்தக் கணக்கை அவள் வரும் வழியிலேயே போட்டு முடித்துவிட்டாள், இப்போது போடவில்லை. உள்ளே போ என்று மகளுக்குத் தலையை ஆட்டினாள். செருப்பு இரண்டும் வாசலில் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் முதல் தாளை எடுத்தாள்.

ஐந்நூறு. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம். பிறகு நூறு ரூபாய்த் தாள்கள், சாம்பிள் எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து. இரண்டாயிரத்து நூறு. இருநூறு. முந்நூறு. கடைசித் தாளின் ஒரு மூலை மடிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் நீவி நேராக்கி, அந்த உள்ளங்கையில் மற்றதன் மேல் ஓரத்துக்கு ஓரம் பொருந்துகிற மாதிரி வைத்தாள். இரண்டாயிரத்து நானூறு.